மார்த்தாள் வேஷம்

நம் வாட்ஸப் குழுவில் நேற்று லாசரு ஒரு பழைய படம் போட்டான். உச்சந்தலையிலிருந்து கெண்டைக்கால் வரை பேன்டேஜ் துணி சுற்றி, ஒரு கண்ணும் பாதி மூக்கும் மட்டும் வெளியே தெரிய அவன் நிற்கிற படம். "யாருலே இந்த உருண்டை?" என்று ஒருத்தி கேட்டாள். "ஏட்டி, கல்லறையிலருந்து எந்திரிச்சு வந்தவன்கிட்ட மரியாதையாப் பேசு" என்று அவன் பதில் போட்டான். ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மைகளை அள்ளி வீசினீர்கள். அப்புறம் யாரோ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும். சட்டென்று குழு அடங்கிவிட்டது. சிலர் போட்ட பொம்மையைக்கூட அழித்துவிட்டீர்கள்.

ஏன் என்று எனக்குத் தெரியும். லாசருவுக்குப் பக்கத்தில், நீலத் துண்டை முக்காடு போட்டுக்கொண்டு நான் நிற்கிறேன். மார்த்தாள்.

கோடை லீவில் சபை நடத்திய அந்த வேதாகமப் பள்ளியின், நம் வாயில் விபிஎஸ், இரண்டாம் நாள் விடியற்காலையில் என் அப்பா செத்துப்போனார். மறுநாள் காலையே உங்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும். கடைசி நாள் சாயங்காலம்வரை எனக்குத் தெரியாது. வளர்ந்து, படித்து, கல்யாணப் பத்திரிகை நீட்டுகிற வயதுக்கு வந்துவிட்டோம். இதை மட்டும் நாம் ஒருநாளும் பேசியதில்லை. நீங்கள் பேச மாட்டீர்கள். நான்தான் அவசரக்காரி, படித்து முடித்த கொஞ்ச நாளிலேயே மூன்று வேலை மாறியவள், எதையும் ஆறப்போடத் தெரியாதவள். அதனால் நானே எழுதிவிடுகிறேன். கோபத்தில் எழுதுகிறேனா என்றால், கொஞ்சம் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பொய்யைப் பற்றித்தான் இது முழுக்க.

என் வீடு கான்சாபுரம். அப்பாவுக்குக் கொஞ்சம் வயலும் தென்னையும். எனக்கு இதயத்தில் ஓட்டை. பிறந்ததிலிருந்தே இருந்த ஓட்டையை நாலாம் வகுப்பில்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை என்னைச் சோம்பேறி என்றுதான் நினைத்திருந்தார்கள். மதுரையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதுவரைக்கும் ஓட விடாதீர்கள், சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கான்சாபுரத்தில் இருந்தால் நான் வரப்பில் ஓடாமல் இருக்க மாட்டேன். ராஜபாளையத்தில் சித்தி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

சித்தி கட்டிக்கொண்டு போனது கிறிஸ்தவ வீட்டுக்கு. பேன்டேஜ் கம்பெனியில் அவளுக்கு பேக்கிங் வேலை. சித்தியின் சேலை, தலைமுடி, அவள் பிசைந்து ஊட்டுகிற சோறு எல்லாவற்றிலும் துணி வெளுக்கிற மருந்தின் வாசனை அடிக்கும். இன்றைக்கும் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் எனக்குச் சித்தி ஞாபகம்தான் வரும். மற்றவர்களுக்குப் பயம் வருகிற இடத்தில் எனக்குப் பசிக்கும்.

டாக்டர் சொன்னது அம்புட்டுத்தான். ஆனால் அது மதுரையிலிருந்து கிளம்பி, கிருஷ்ணன்கோவில் தாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, எங்கள் சொந்தக்காரர்கள் வாய் வழியாக வந்துசேர்வதற்குள் நன்றாக வளர்ந்துவிட்டது. ஓடக்கூடாது என்பது பயப்படக்கூடாது என்றாகி, பயப்படக்கூடாது என்பது அழக்கூடாது என்றாகி, கடைசியில் "பிள்ள மனசு நொந்துச்சுன்னா உசுரு அங்கேயே நின்னுரும்" என்று சித்தி தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். நானும் அதை நம்பினேன். நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன் என்றும் சொல்ல வேண்டும். உங்களில் யாருடைய க்ரீம் பிஸ்கட்டை வேண்டுமானாலும் பார்த்து உதட்டைப் பிதுக்கினால் போதும், அது என் கைக்கு வந்துவிடும். "குடுத்துரு, குடுத்துரு, அவ அழுதா நாம ஜெயிலுக்குப் போவணும்" என்று லாசரு சொன்னது ஞாபகம் இருக்கிறதா?

சபைக் கோயிலுக்குப் பின்னால் விபிஎஸ் நடந்த அந்தக் கூடம் இப்போது இல்லை. இடித்துவிட்டு மாடி கட்டிவிட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மே மாத வெயில், அதில் நாம் எத்தனையோ பிள்ளைகள். இருந்த ஒரே மின்விசிறியையும் கதை நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். நமக்குப் பாடம் எடுத்த டீச்சரக்காவின் படப் பலகைதான் காரணம். பச்சைக் கம்பளித் துணி போர்த்திய பலகை. முதுகில் உப்புத்தாள் ஒட்டிய அட்டை மனிதர்கள். அழுத்தி வைத்தால் துணியில் பிடித்துக்கொள்வார்கள், காற்றடித்தால் விழுந்துவிடுவார்கள். மோசே விழுவார், யோனா விழுவார், மீன் மட்டும் எடை அதிகமாக இருந்ததால் முதலிலேயே விழும். இயேசுவுக்கு ஒரு கை பிய்ந்து போயிருந்தது. அதனால் எந்தக் கதையிலும் அவரை ஓரமாகத்தான் ஒட்டுவார் டீச்சரக்கா, கை பலகைக்கு வெளியே இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்ளும்படி. வேர்வை, எலுமிச்சை ஜூஸ், பக்கத்து மில்லில் ஷிப்டு மாறும்போது ஊதுகிற சங்கு. அந்தப் பலகை எங்கே போனதென்று போன மாதம் தேடிப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை.

டீச்சரக்கா ஒரு மில் ஆபீசில் வேலை பார்த்தார். வருஷத்தில் எடுக்கிற லீவையெல்லாம் மே மாதத்துக்கென்று சேர்த்து வைப்பார். நமக்கு அவர் மகா பெரியவராகத் தெரிந்தார். இன்று எனக்கிருக்கும் வயதுகூட அவருக்கு அன்று இருந்திருக்காது. கண்ணை மூடுவதில் அவர் கறார் என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். "ஜெபத்துல கண்ணைத் தொறந்தா சாமி உங்களப் பார்க்க மாட்டாரு, நீங்கதான் பக்கத்து ஆளப் பார்ப்பீங்க" என்பார். யாராவது இமையைத் தூக்கினால் விரலால் மெதுவாக அழுத்தி மூடிவிடுவார். அந்த விரலில் உப்புத்தாள் சொரசொரப்பு இருக்கும்.

திங்கட்கிழமை வேஷங்களைப் பிரித்துக் கொடுத்தார். கடைசி நாள் நாடகம், லாசரு உயிரோடு எழுந்த கதை. நம் லாசருவுக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது அன்றுதான். நடக்காமல், ஓடாமல், நின்ற இடத்தில் நின்று பேசுகிற வேஷம் வேண்டும் என்பதால் எனக்கு லாசருவின் அக்கா மார்த்தாள். வேதாகமப் பேச்சு பிள்ளைகள் வாயில் நிற்காதென்று வசனங்களை நம் பேச்சிலேயே எழுதியிருந்தார். கல்லைப் புரட்டச் சொன்னதும் நான் கையை நீட்டித் தடுத்து, "ஐயா, நாலு நாளாச்சே, இப்பத் தொறந்தா நாறுமே" என்று சொல்ல வேண்டும். அம்புட்டுத்தான் என் பங்கு. அதற்கே சாயங்காலம் முழுவதும் கண்ணாடி முன்னால் நின்றேன்.

அன்று சாயங்காலம் சித்தியின் போனில் அப்பா வந்தார்.

"ஏட்டி, என்ன வேசம் குடுத்திருக்காவ?"

"மார்த்தாள்பா."

"அவ யாரு?"

"லாசருவோட அக்கா. லாசரு செத்துப்போயிருவான். இயேசு வந்துசேர நாலு நாளாயிரும். பொறவு வந்து, கல்லைப் பொரட்டுங்கம்பாரு."

"நாலு நாளா? நாறிப்போயிருக்குமே தாயி!"

"அப்பா! அதுதான்பா என் வசனமே!"

அப்பா சிரித்தார். போனுக்குள் ஏதோ உடைவது மாதிரி சத்தமாக. "அப்ப எனக்கே அந்த வேசத்தக் குடுத்திருக்கலாம். செரி, சொல்லு, எந்திரிச்சு வந்துருவானா?"

"வந்துருவான். பேன்டேஜோட."

"அப்ப நல்ல கதைதான். வெள்ளிக்கிழம வாரேன். முன்னால எடம் போட்டு வையி. ஒங்க அம்மைக்குப் பின்னால போட்டாப் போதும், அவ எங்கிருந்தாலும் எட்டிப் பார்த்துக்கிடுவா."

பின்னால் அம்மா ஏதோ திட்டுவது கேட்டது. அதுதான் நான் கேட்ட அப்பாவின் கடைசிக் குரல். நல்ல குரல்தான் கிடைத்திருக்கிறது. அதைப் பற்றிப் புகார் இல்லை.

மறுநாள் விடியுமுன் தண்ணீர் பாய்ச்சப் போனவரைக் கிணற்று மோட்டார் சுவிட்சிலேயே கரண்ட் பிடித்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை பூராவும் சித்தி வீட்டில் இல்லை. கம்பெனியில் அவசர ஆர்டர் என்றார் சித்தப்பா. சோறு வைக்கத் தெரியாமல் அவர் எனக்கு ஓட்டலில் புரோட்டா வாங்கிக் கொடுத்தார். நான் சாப்பிட்ட அந்த நேரத்தில் கான்சாபுரத்தில் எல்லாம் முடிந்திருக்கும். புரோட்டா நன்றாக இருந்தது. இந்த மாதிரி விஷயங்கள்தான் போக மாட்டேன் என்கின்றன.

புதன்கிழமை காலை நான் கூடத்துக்கு வந்தபோது நீங்கள் எல்லோரும் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் டீச்சரக்காவைச் சுற்றி நின்றீர்கள். என்னைக் கண்டதும் வட்டம் பிரிந்தது. அன்றைக்கு நான் கேட்காமலேயே பிஸ்கட் வந்தது. ஒருத்தி தன் புது ஹேர்பேண்டை என் தலையில் மாட்டிவிட்டாள். எனக்கு ஒரே பெருமை. மார்த்தாள் வேஷம் கிடைத்ததால் மதிப்பு கூடிவிட்டது என்று நினைத்தேன்.

அன்றைய பாடம் என்ன என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. நிலத்தை விற்ற புருஷனும் பெண்டாட்டியும் அப்போஸ்தலரிடம் பொய் சொல்லி, சொன்ன இடத்திலேயே விழுந்து செத்த கதை. பாடத்திட்டம் முன்னமே அச்சடித்து வந்தது, டீச்சரக்காவால் மாற்ற முடியாது. பலகையில் அந்த இருவரையும் ஒட்டினார். பொய் சொன்னதும் புருஷனைப் பிய்த்துக் கீழே போட்டார். பெண்டாட்டியைப் பிய்க்கிறபோது அவர் கை நின்றுவிட்டது. மழலை வகுப்புக் குட்டி ஒன்று, சபையைப் பார்த்துக்கொள்கிற உபதேசியாரின் பேத்தி, முன்வரிசையிலிருந்து, "போடுங்க டீச்சர், அவளும் பொய் சொன்னால்ல?" என்று கத்தியது. எல்லோரும் சிரித்தோம். சிரித்தது நான் மட்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு ஜெபக்குறிப்பு நேரம். யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கை தூக்கிச் சொல்வோம். கால் ஒடிந்த நாய்க்குட்டி, அண்ணனின் பிளஸ் டூ ரிசல்ட், அப்பா குடியை விட வேண்டும். நானும் கை தூக்கினேன். "வெள்ளிக்கிழமை எங்க அப்பா நாடகம் பார்க்க வரணும்."

கூடத்தில் மின்விசிறி ஓடவில்லை, ஞாபகம் இருக்கிறதல்லவா. அதனால் அந்த அமைதி நன்றாகவே கேட்டது. "கண்ணை மூடுங்க பிள்ளைகளா" என்றார் டீச்சரக்கா. நாய்க்குட்டிக்குச் சுகம் தாரும் என்றார். அண்ணனுக்கு நல்ல மார்க் தாரும் என்றார். என் முறை வந்ததும், "இந்தப் பிள்ளையோட ஆசையை நீர் அறிவீர்" என்றார். தாரும் என்று கேட்கவில்லை. அறிவீர். எவ்வளவு ஜாக்கிரதையான சொல்! நான் அன்று அதைக் கவனிக்கவில்லை. வாய் நிறைய ஆமென் சொன்னேன். நீங்களும் சொன்னீர்கள்.

அன்று ஜூஸ் குடிக்கும்போது டீச்சரக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண் வீங்கியிருந்தது. தூசி என்றார்.

"நாம வேற நாடகம் போடுவமாட்டி? நோவா பேழை? ஒனக்குப் புறா வேசம் தாரேன். ரெக்கையெல்லாம் வச்சு."

"புறாவுக்கு வசனம் உண்டா?"

"...இல்ல."

"நான் மாட்டேன். எங்கப்பா மார்த்தாளைத்தான் பார்க்க வாராக." சொல்லும்போதே உதட்டைப் பிதுக்கினேன். அவ்வளவுதான், டீச்சரக்கா பதறிப்போய் என் நெஞ்சில் கையை வைத்தார். "அழாத, அழாத, மார்த்தாளே போடலாம். செத்த நேரம் அழாம இரு தாயி." நோவாவும் பேழையும் அத்தோடு மூழ்கிவிட்டன. என் அப்பா செத்த வாரத்தில் செத்தவன் எழுந்திருக்கிற நாடகத்தை நான்தான் அடம்பிடித்து வைத்தேன். உபதேசியாரும், "இப்ப மாத்துனா பிள்ளைக்குச் சந்தேகம் வந்துரும், நடக்கட்டும்" என்றாராம்.

வியாழக்கிழமை நடந்தது எனக்குத் தெரியாது. ரொம்ப நாள் கழித்து, கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ்ஸில் பக்கத்தில் நின்றுகொண்டு வரும்போது லாசரு சொன்னான். முந்தின நாள் கேட்ட கதையில் அவனுக்குக் காய்ச்சலே வந்துவிட்டதாம். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து டீச்சரக்காவிடம், "நாங்க அவகிட்டப் பொய் சொல்லுதோம்ல டீச்சர்? நாங்களும் விழுந்து செத்துருவோமா?" என்று கேட்டிருக்கிறான்.

"இது பொய் இல்லப்பா. சொல்லாம இருக்கோம். அம்புட்டுத்தான்."

"அப்ப ஜெபத்துல சொல்லுதது?"

டீச்சரக்கா பலகையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாராம். துடைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை, கம்பளித் துணிதானே. "அன்னைக்கிருந்து ஜெபம்னாலே நான் எந்திரிச்சு வெளிய போயிருவேம்லா" என்று சொல்லிவிட்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை அம்மா வந்தாள். மூன்று மணிக்கே வந்துவிட்டாள். கான்சாபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து பஸ் மாற வேண்டும். அந்த இரண்டு பஸ்ஸிலும் முந்தானையால் நெற்றியை மூடிக்கொண்டே வந்தாளாம். தீட்டுக் கழியாமல், காரியம் முடியாமல் வீட்டைவிட்டு வெளியே காலெடுத்து வைத்ததற்குப் பெரியப்பா ஏசிய ஏச்சு தெருமுனைவரை கேட்டதாம். சித்தி வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைத்திருக்கிறாள். சித்தி அழுதுகொண்டே அவள் தலையில் மல்லிகைப்பூ வைத்துவிட்டிருக்கிறாள். கழுத்தில் சித்தியின் கவரிங் சங்கிலி. இதெல்லாம் பிறகு சித்தி சொன்னது. நான் பார்த்தது பச்சைச் சேலையும் பூவும் பொட்டுமாக, ஊர்த் திருவிழாவுக்கு வருகிறவளைப் போல் கூடத்து வாசலில் நின்ற அம்மாவை. பாயில் உட்கார்ந்திருந்த பொம்பளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள்.

"அப்பா எங்கம்மா?"

"வயலுக்குத் தண்ணி பாயுதுட்டி. இன்னிக்கு விட்டா மொறை போயிரும். இந்தா, ஒனக்குப் பால்கோவா வாங்கிக் குடுத்துவிட்டாக."

அம்மா எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தாள். அம்மா அப்படிச் சிரிக்க மாட்டாள். அவளுக்கு ஒரு பல் கோணல், கையை வைத்து மறைத்துக்கொண்டுதான் சிரிப்பாள்.

பொட்டலத்தை வாங்கிப் பார்த்தேன். அப்பா எப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் போனாலும் பால்கோவா வாங்குவார். வாங்கிய பொட்டலத்தைப் பஸ்ஸிலேயே பிரித்து, ஓரத்தில் ஒரு கிள்ளு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குக் கொண்டுவருவார். "கெட்டுப்போச்சான்னு பார்த்தேன்" என்பார். நான் பிறந்ததிலிருந்து ஓரம் முழுசாக ஒரு பால்கோவாவை எங்கள் வீட்டில் கண்டதில்லை. இந்தப் பொட்டலம் கடையில் கட்டிய நூல் அவிழாமல் இருந்தது. ஒருவேளை அவசரத்தில் கொடுத்துவிட்டிருப்பார் என்று நினைத்தேன். பிறகு அம்மா குத்தவைத்து என் முக்காட்டைச் சரிசெய்தாள். நான் குனிந்து நின்றதால் அவள் கால் தெரிந்தது. விரலில் மெட்டி இல்லை. மெட்டி இருந்த இடத்தில் தோல் வெள்ளை வளையமாகத் தெரிந்தது. மெட்டி எங்கம்மா என்று கேட்க வாயெடுத்தேன். "மார்த்தாள் எங்க? மார்த்தாள் வாங்க" என்று டீச்சரக்கா கூப்பிட்டுவிட்டார்.

நாடகம் நன்றாகத்தான் நடந்தது. சித்தி கம்பெனியில் கழித்துப்போட்ட பேன்டேஜ் ரோலெல்லாம் கொண்டுவந்து லாசருவைச் சுற்றியிருந்தார்கள். பெஞ்சுகளை நிமிர்த்தி வைத்து, சாம்பல் நிறச் சேலை போர்த்தியதுதான் கல்லறை. நான் கையை நீட்டினேன். "ஐயா, நாலு நாளாச்சே, இப்பத் தொறந்தா நாறுமே." செவ்வாயிலிருந்து வெள்ளி. எண்ணிப் பார்க்காதீர்கள், நான் எண்ணிவிட்டேன். கூடத்தில் யாரோ ஒரு பொம்பளை வாயில் சேலையை வைத்து அடைத்துக்கொண்டாள். நான் அவ்வளவு நன்றாக நடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

லாசரு தத்தித் தத்தி வெளியே வந்தான். காலில் சுற்றிய துணி தடுக்கி விழப்போனான். மழலை வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டின. அப்போதுதான் உபதேசியாரின் பேத்தி, முன்வரிசையில் நின்றுகொண்டு, சந்தோஷம் தாங்க முடியாமல், கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தியது.

"டீச்சர்! அப்ப இந்த அக்காவோட அப்பாவும் இப்ப எந்திரிச்சு வந்துருவாரா?"

யாரோ அந்தக் குட்டியின் வாயைப் பொத்தினார்கள். டீச்சரக்கா அவசரமாகக் கைதட்டிப் பாட்டை ஆரம்பித்தார். நீங்களும் கத்திப் பாடினீர்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா இன்னும் எல்லாப் பற்களும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். பொட்டு இருந்தது, பூ இருந்தது. நான் அவள் காலைப் பார்த்தேன். பார்த்ததும் அவள் சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

என் உயிர் அங்கேயே நின்றுவிடவில்லை. நானே ஆச்சரியப்பட்டேன். இதயம் அதன்பாட்டுக்கு, ஓட்டையோடு, அடித்துக்கொண்டிருந்தது. அழுதால் செத்துவிடுவேன், செத்தால் அம்மா தனியாகிவிடுவாள் என்று தோன்றியது. உதட்டைப் பிதுக்காமல் பாட்டுக்கு வாயசைத்தேன். நேற்று வந்த படம் அப்போது எடுத்ததுதான். அதில் நான் சிரிக்கிறேன், பாருங்கள். அம்மாவைப் போலவே, எல்லாப் பற்களும் தெரிய.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மதுரையில் இருந்த நாளெல்லாம் நானே அம்மாவிடம், "அப்பா எப்பம்மா வருவாக?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்காமல் இருந்தால் அவள் பயப்படுவாள். "தண்ணி பாயுதுட்டி" என்று அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனை நாள் ஒரு வயலுக்குத் தண்ணீர் பாயும்! வீட்டுக்கு அனுப்பும்போது அம்மா டாக்டரிடம், "நீங்க சொன்னாப்புல ஒண்ணுமே தெரியாம வச்சிருந்தோம் சார்" என்றாள். அவருக்குப் புரியவில்லை. சித்தி அவரைத் தள்ளிக் கூட்டிப்போய் விளக்கினாள். அவர் திரும்பி அம்மாவிடம் வந்தார். "ஓட விடாதீங்கன்னுதானேம்மா சொன்னேன்" என்றார். அம்மா அந்த வார்த்தையைக் கேட்டும் கேட்காதவள் போலப் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். தையல் ஆறிய பிறகு கான்சாபுரத்தில் வைத்து எனக்கு முறையாகச் சொன்னார்கள். அப்போதுதான் கேள்விப்பட்டவளைப் போல அழுதேன். மார்த்தாளைவிட நன்றாகச் செய்தேன்.

போன வாரம் டீச்சரக்கா கூப்பிட்டார். தலை நரைத்துவிட்டது, குரல் அப்படியே இருக்கிறது. "இந்த மே மாசம் மழலை வகுப்ப நீ எடுக்கியாட்டி?" என்றார். நான் அவர்கள் மதத்துக்காரி இல்லை, பிள்ளைகளுக்குக் கதை சொல்லக் கூப்பிட்டால் எங்கேயும் ஓடுகிறவள். இப்போது ஓட அனுமதி இருக்கிறது. எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என்னென்ன கதை என்று கேட்டேன். வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், லாசரு என்ற பேர் வருகிற இடத்தில் நின்றார். "அத வேணா விட்டுருவோம்" என்றார். "வேண்டாங்க்கா, இருக்கட்டும்" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முடிவு ஒன்று இருக்கிறது. உங்களுக்கு அது பாதிதான் தெரியும்.

பரிசு கொடுத்து முடித்தார்கள். எனக்கு ஒரு தண்ணீர் பாட்டில். கடைசி ஜெபம். அன்று டீச்சரக்கா ஜெபக்குறிப்பு கேட்கவில்லை. நேராக, "கண்ணை மூடுங்க பிள்ளைகளா" என்றார். நான் கையைத் தூக்கினேன். அவர் பார்க்காத மாதிரி இருந்தார். தூக்கிய கையை நான் இறக்கவில்லை.

"என்னட்டி?"

"எங்க அப்பா வரணும். அதுக்கு ஜெபம் பண்ணுங்க டீச்சர்."

ஏன் கேட்டேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். வருவார் என்று அல்ல. அந்தக் கூடத்தில் அத்தனை பெரியவர்களில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், உண்மையைச் சொல்லிவிட மாட்டாரா என்று பார்த்தேன். சொல்லிவிட்டால் நான் அழலாம். சொல்லாவிட்டால் நான் எப்படி அழுவது?

டீச்சரக்கா கண்ணை மூடினார். "அன்புள்ள ஆண்டவரே" என்றார். "இந்தப் பிள்ளையோட அப்பா..." என்றார். அதற்குமேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. மில்லில் ஷிப்டு சங்கு ஊதி, ஊதி முடிந்து, அப்புறமும் வரவில்லை.

அப்போது பொம்பளைகள் பக்கத்திலிருந்து ஒரு குரல் தனியாக, சத்தமாக, "ஆமென்" என்றது. அந்த வார்த்தையை அதற்கு முன் வாழ்க்கையில் சொல்லியிராத குரல். ஜெபம் முடிய அதுதான் சொல்ல வேண்டும் என்று அன்று சாயங்காலம் கேட்டுத் தெரிந்துகொண்ட குரல். அம்மா.

நீங்களும் பின்னாலேயே ஆமென் சொன்னீர்கள். நான் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். ஒவ்வொருவராகப் பார்த்தேன். நீங்கள், மூடிய கண்ணைத் திறந்துவிட்ட டீச்சரக்கா, உபதேசியார், சித்தி, பேன்டேஜுக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் லாசரு, அவ்வளவு பேரும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்தக் கூடத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தது அம்மா ஒருத்திதான்.